காது மெஷின் வாங்குவதற்கு முதல் யாரைப் பார்ப்பது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வாப்பாவுக்கு 66 வயது. நெல் ஆலையில் நெடுங்காலம் வேலை செய்தவர். நாங்கள் பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்கிறார். ஒரு கடையில் இலவசமாகக் காது சோதித்துவிட்டு, உடனே இரண்டு மெஷின் வாங்கச் சொன்னார்கள். தகுதியான ஒடியோலொஜிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?"

சகோதரி, மெஷின் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். "கேட்கிறது, விளங்கவில்லை" என்று வாப்பா சொல்வதுதான் இதில் முக்கியமான தகவல். வயதும் ஆலைச் சத்தமும் உள்காதில் உயர்ந்த சுருதிகளை உணரும் செல்களையே பெரும்பாலும் முதலில் அழிக்கின்றன. அப்போது குரல் கேட்கும்; படி, கடி, தடி மூன்றும் ஒன்றுபோல இருக்கும். எல்லாச் சத்தத்தையும் ஒரேயளவு கூட்டும் கருவி இதற்கு உதவாது. எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்று அளந்து, அதற்கேற்ப மெஷினைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும்; அவர்தான் ஒடியோலொஜிஸ்ட்.

ஆனால் முதலில் போக வேண்டியது காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம். அடைத்த குறும்பி, செவிப்பறையில் ஓட்டை, உள்ளே நீர் என்றால் மெஷினே தேவைப்படாமல் போகலாம். பக்கத்து அரச வைத்தியசாலையின் ஓபிடியில் கடிதம் வாங்கி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அல்லது அம்பாறை பொது வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகலாம். கட்டணம் இல்லை. கேட்டல் சோதனையை எங்கே செய்வது என்றும் அங்கேயே கேளுங்கள். ஒன்று மட்டும்: யாருக்காவது ஓரிரு நாளுக்குள் திடீரென ஒரு காது கேட்காமல் போனால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே போக வேண்டும். அதற்கான சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நன்றாகப் பலிக்கும்.

இனி ஒடியோலொஜிஸ்ட். எங்கே படித்தீர்கள், இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று நேராகவே கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பு இருக்கிறது. மெஷின் கம்பனி கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் பட்டம் ஆகாது.

சோதிக்கும் விதத்திலும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நல்லவர் முதலில் காதுக்குள் பார்ப்பார். சத்தம் புகாத அறையில் இரு காதையும் தனித்தனியாக, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை (250 முதல் 8000 ஹேர்ட்ஸ்) சோதிப்பார். காதுக்குப் பின் எலும்பில் ஒரு சிறு கருவி வைத்தும் பார்ப்பார். கோளாறு வெளிப்பக்கமா உள்காதிலா என்பது அதில்தான் பிரியும். அப்புறம் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார். இது தமிழில் நடக்க வேண்டும். தெரியாத மொழியில் சோதித்தால் காதின் குறையும் மொழியின் குறையும் கலந்துவிடும். வாகனம் இரையும் கடை முன்றலில் பத்து நிமிடத்தில் இதெல்லாம் முடியாது.

ரிப்போர்ட்டைப் பிரதியெடுத்து வாங்குங்கள், அது வாப்பாவுடையது. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி, இரண்டில் கூடுதலாகக் கேட்கும் காதுக்கு எட்டும் மிகச் சிறிய சத்தம் 20 டெசிபெலுக்குள் (டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு) இருந்தால் சாதாரணம். 35 முதல் 50க்குள் நடுத்தரக் குறைபாடு.

மெஷின்தான் வேண்டும் என்று முடிவானால், விலையைவிட இதைக் கேளுங்கள்: பிறகு சரிசெய்ய எங்கே வர வேண்டும்? முதல் மாதங்களில் பலமுறை திருத்த நேரும். கொழும்பில் மலிவாக வாங்கிவிட்டு ஒவ்வொரு தடவையும் இரவு பஸ் ஏற வாப்பாவால் முடியாது. கடைசியில் மெஷின் அலுமாரிக்குள் போய்விடும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒழுங்காக வந்து பார்ப்பவர் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எத்தனை நாள் போட்டுப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு காசைக் கட்டுங்கள்.