பூனை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டே கிடக்கிறது, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா?

வேண்டாம், இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனை வலியை மறைக்கும் பிராணி. எங்கள் வீட்டுப் பூனை, மூக்கருகே நீட்டிய மத்தி மீன் தலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் எனக்கே உறைத்தது. அதற்குள் காய்ச்சல் முற்றியிருந்தது.

மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தக் குறைவோ ரத்த ஓட்டக் குறைவோ இருக்கலாம். மஞ்சள் என்றால் பெரும்பாலும் கல்லீரல் கோளாறு. விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். காதும் பாதமும் சில்லென்று இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ நள்ளிரவானாலும் கிளம்புங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றாலும் அப்படித்தான்.

பட்டினியே தனி ஆபத்து. சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். குண்டுப் பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

போகும் வரை துண்டில் சுற்றி வையுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைக்கலாம். துவண்டு கிடக்கும்போது வாயில் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம், தயவுசெய்து பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். பாதி மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.