லேப்டாப் வாங்கும்போது திரை, கிராபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ் ஆகியவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் லேப்டாப் வாங்க இருப்பதாகவும், நல்ல திரை, தனி கிராபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ் மூன்றும் அந்த விலைக்குள் அடங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்ன வேலைக்கு என்பதை எழுதவில்லை. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கோ, வீட்டு உபயோகத்துக்கோ, என்னைப் போல் படம் சார்ந்த சிறு தொழிலுக்கோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: திரையைத் தவிர மற்ற இரண்டையும் விட்டுக்கொடுக்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து கைக்காசை இழந்தவன்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2016-ஆம் ஆண்டு நாகர்கோவிலில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கச் சென்றபோது நான் கேட்டவை இரண்டே: 2 ஜிபி கிராபிக்ஸ் இருக்கிறதா, டிவிடி ரைட்டர் இருக்கிறதா. அப்போது கல்யாண வீட்டார் ஒவ்வொருவரும் வளைகுடாவில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப ஆறேழு டிவிடியாவது கேட்பார்கள் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. திரையைப் பற்றி நானும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. அட்டையில் 15.6 அங்குலம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். அது 1366×768 புள்ளிகள் கொண்ட, டிஎன் என்ற மலிவான வகைப் பேனல் (திரைப் பலகை) என்பது பிறகு, வேலை கெட்டபின், தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதல் பெரிய வேலையாக ஒரு தேவாலயத் திருமணம் வந்தது. மணப்பெண் வெள்ளிச் சரிகை ஓடிய வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். மலிவான பேனல்கள் பலவற்றைப் போலவே என் திரையிலும் வெண்மையில் நீலம் ஏறியிருந்தது. குறை திரையில் இருக்கிறது என்பது தெரியாமல், படத்தில் இருக்கிறது என்று எண்ணி, சேலை கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்வரை ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆல்பம் அச்சாகி வந்து கொடுத்த மூன்றாம் நாள், பெண்ணின் தகப்பனார் அதைத் துணிப்பையில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். கடை வாசல் வெயிலில் விரித்துப் பிடித்து, "தம்பி, எனக்க மோளுக்க சேல வெள்ளையாக்கும். இது என்ன, சாயா சிந்தினது மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

என் கணினியில் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக அந்தப் படத்தைத் திறந்து காட்டினேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்குச் சேலையின் மடிப்புகூடத் தெரிந்தது. நின்றவருக்கோ சேலை, முகம், பின்னாலிருந்த பலிபீட விரிப்பு எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரிந்திருக்கிறது. நான் எழுந்து அவர் அருகில் நின்று பார்த்தபோதுதான் அவர் சொன்னது எனக்கும் விளங்கியது. மேலிருந்து பார்த்தால் வெளுப்பதும், கீழிருந்து பார்த்தால் இருள்வதும் டிஎன் பேனலின் பிறவிக் குணம். திரையை இரண்டு விரற்கடை சாய்த்தாலே முகத்தின் நிறம் மாறிவிடும். முழு ஆல்பத்தையும் என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் மீதிப் பணத்தை அன்றே தந்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆல்பத்தில் ஒரு குறையும் சொல்லாத வீட்டார் சிலர் இன்றுவரை மீதியைத் தரவில்லை, அது வேறு கதை.

திரையின் நிறத்தைச் சரிசெய்யும் கருவி இருக்கிறதே, அதை வைத்துத் திருத்தியிருக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நண்பரிடம் இரவல் வாங்கி அதையும் செய்து பார்த்தேன், நீலம் குறைந்தது. ஆனால் பேனலால் காட்ட முடியாத நிறத்தை எந்தக் கருவியும் வரவழைக்காது, பார்க்கும் கோணத்தால் வரும் மாற்றத்தையும் அது தடுக்காது. பேனலையே மாற்றலாம் என்பார்கள். மாற்றலாம்தான், ஆனால் 1366×768 திரையின் இடத்தில் முழு எச்டி (1920×1080 புள்ளிகள்) திரையைப் பொருத்தும்போது பல மாடல்களில் கேபிளையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை வாங்கும்போதே செய்திருக்கலாம்.

ஆகவே விவரப் பட்டியலில் ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை) என்ற சொல்லையும் 1920×1080 என்ற எண்ணையும் முதலில் தேடுங்கள். என் பழைய திரையில் இருந்தவை சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள், முழு எச்டி திரையில் சுமார் இருபத்தொரு லட்சம். ஐபிஎஸ் என்று போட்டிருந்தாலும் அத்தோடு நின்றுவிடாதீர்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று அளவுகோல்கள் உண்டு. 'என்டிஎஸ்சி 45%' என்று சிறிய எழுத்தில் இருந்தால் நிறங்கள் சோகையாகத்தான் இருக்கும். படிப்புக்கும் கணக்கு வேலைக்கும் அது போதும், படத் தொழிலுக்குப் போதாது. 'எஸ்ஆர்ஜிபி 100%' அல்லது 'என்டிஎஸ்சி 72%' இருந்தால் நல்லது. திரையின் வெளிச்சம் 250 நிட்ஸுக்குக் (வெளிச்சத்தின் அலகு) குறைந்தால் நம் ஊர் வெயிலில் வராந்தாவில் உட்கார்ந்துகூட வேலை செய்ய முடியாது.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சொன்னால் விளையாட்டு ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் முப்பரிமாண வேலை செய்பவர்களுக்கும் தனி கார்டு வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அப்படி வாங்குபவர்கள் பெயரை மட்டும் பார்க்காமல் வாட் அளவையும் (கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம், அதைப் பொறுத்தே வேகம்) கேட்க வேண்டும், ஏனென்றால் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப்கள் வருகின்றன. என் 2 ஜிபி கார்டோ படம் திருத்தும் வேலையில் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. படம் திறக்கத் தாமதமானதற்குக் காரணம் 4 ஜிபி ராமும் மெதுவான ஹார்டு டிஸ்க்கும்தான். தனி கார்டு இல்லாதபோது வேலை செய்யும், செயலிக்குள்ளேயே உள்ளமைந்த கிராபிக்ஸ் கணினியின் ராமையே பங்கு போட்டுக்கொள்வதால், கார்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு 8 ஜிபி ராம் போட்டுக்கொள்வது பலருக்கு அதிகப் பயன் தரும். ஒன்றாக 16 ஜிபி போடுவதைவிட இரண்டு எட்டாகப் போட்டால் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேகமாக ஓடும்.

டிவிடி டிரைவ் இப்போது புது லேப்டாப்களில் அநேகமாக இல்லை, அதற்காகப் பழைய மாடலைத் தேடி அலையாதீர்கள். ஒரு டிவிடியில் 4.7 ஜிபி அடங்கும் என்பார்கள், கணினி அதை 4.37 என்றே காட்டும். இன்றைய கேமராவில் எடுத்த ஒரு கல்யாணத்தின் வீடியோவுக்கு அது எம்மாத்திரம்? என் லேப்டாப்பின் டிரைவ் கெட்டதும் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி (ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகம்) வைத்து ஹார்டு டிஸ்க்கை மாட்டி, ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டேன். அந்தக் கணினிக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்க வேண்டும். பழைய கல்யாண டிவிடியைப் பென் டிரைவில் ஏற்றித் தரும்படி இன்றும் ஆட்கள் வருவதால், யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அது போதும்.

கடைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த ஒரு புகைப்படத்தின் அச்சுப் பிரதியையும், அதன் கோப்பைப் பென் டிரைவிலும் கொண்டுபோங்கள். கடையில் ஓடும் மீனும் பூவும் நிறைந்த விளம்பர வீடியோ எந்தத் திரையிலும் அழகாகத்தான் தெரியும். உங்கள் படத்தைத் திறக்கச் சொல்லி, அச்சை அருகில் பிடித்து, உட்கார்ந்தும் நின்றும் பாருங்கள். பென் டிரைவ் செருக அனுமதிக்காத கடையில் நான் இப்போது வாங்குவதில்லை. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகைத் திரைகள் வருவதால், பெயருக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் முழுவதுமாகக் குறித்துவந்து இங்கே எழுதினால், அதில் என்ன பேனல் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.