பல்லுக்கு மாத்திரை, வயிற்றுக்கு வினை

தொண்டிச் சகோதரருக்கு,

பல்வலிக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து வயிற்றோட்டம் என்றும், பழைய பெருங்குடல் அழற்சி திரும்பிவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மருந்தே வயிற்றைக் கலக்கக்கூடியதுதான். ஆயினும் நம்மைப் போன்ற குடல் நோயாளிகளுக்குக் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற, நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பின் குடலில் பெருகும் பாக்டீரியாவின் தொற்று எளிதில் வரும் என்பதாலும், அது பழைய அழற்சி மீண்டும் சீறியதைப் போலவே தோன்றும் என்பதாலும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கூட்டுவதற்கு முன் மலப் பரிசோதனை செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைடைத் தாங்களாக விழுங்க வேண்டாம். பெருங்குடல் அழற்சிக்கான மெசலமைன் மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெரிய பொட்டலத்தை முழுதாக 1 லிட்டர் நீரில் கரையுங்கள். நான் ஒருமுறை அதை ஒரே தம்ளரில் கொட்டிக் குடித்து, ஓட்டத்தை இன்னும் கூட்டிக்கொண்டேன். நம் கரையோரத்து உவர்க்கிணற்று நீர் இதற்கு உதவாது. இரத்தமோ காய்ச்சலோ கண்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.