வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 1,44,000 பேர் யார்?

பைபிளின் கடைசிப் புத்தகத்தில், 7, 14 ஆம் அதிகாரங்களில் வருகிற, நெற்றியில் கடவுளின் முத்திரை பெற்ற மீட்கப்பட்டவர்கள் இவர்கள். இஸ்ரவேலின் 12 கோத்திரங்களில் (குலங்களில்) கோத்திரத்துக்கு 12,000 பேர் என்பது கணக்கு. (வழக்கமாக இந்தப் பன்னிரண்டில் சேரும் தாண் கோத்திரம் இந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று அங்கே விளக்கமும் இல்லை.)

முத்திரை எதற்கு? பூமிக்கு அழிவு வரும் முன் தன்னுடையவர்கள் யார் என்று கடவுள் அடையாளம் வைக்கிறார். கல்யாண வீட்டில் ஊர்ப் பாத்திரமெல்லாம் கலந்து கிடக்கும். பெயர் வெட்டிய அண்டா மட்டும் சரியாக வீடு திரும்பும். அடுப்பில் ஏறிக் கரி பிடித்திருக்கும், ஆனால் தொலையாது. முத்திரையும் அப்படித்தான்: துன்பமே வராது என்பதல்ல, கைவிடப்பட மாட்டார்கள் என்பதே வாக்குறுதி.

எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர், பரலோகம் போகிறவர்களின் சரியான எண்ணிக்கை என்கிறார்கள். கடைசி உபத்திரவ காலத்தில் விசுவாசிக்கும் யூதர்கள் என்பது சில சபைகளின் போதனை. 12 × 12 × 1000, அதாவது கடவுளின் மக்கள் முழுமையாக என்ற அடையாள எண் என்பார்கள் வேறு பலர். புத்தகம் முழுக்க எண்கள் அடையாளமாக வருவதால் எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம், ‘இவ்வளவு பேர்தான் இரட்சிக்கப்படுவார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அதே 7 ஆம் அதிகாரத்தின் 9 ஆம் வசனத்தில், எல்லா தேசத்திலிருந்தும் வந்த, யாராலும் எண்ண முடியாத கூட்டம் சிங்காசனத்தின் முன் நிற்கிறது.