சீனியை விட்ட மாமா உப்பைப் பிடித்த கதை

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் மாமனாருக்கு 67 வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். 12 வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது; அதற்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் ரத்தக் கொதிப்பு 158/92 என்றார்கள். சிறுநீரில் கொஞ்சம் புரதம் இறங்குகிறதாம். லோசார்ட்டான் என்று ஒரு புது மாத்திரை சேர்த்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி தாதி அனுப்பிவிட்டார். சீனி விஷயத்தில் மாமா ரொம்பக் கட்டுப்பாடு. இனிப்புப் பலகாரம் தொடமாட்டார், இரவில் சோறும் கிடையாது. கஞ்சியும் ஊறுகாயும், இல்லாவிட்டால் கிரீம் கிராக்கர் நாலைந்து. நான் குழம்பில் உப்பைக் குறைத்தால் "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கீழே கோப்பிக் கடைக்குப் போய்விடுகிறார். அவருடைய நண்பர் சொன்னார் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறேன். தினமும் இளநீரும் குடிக்கிறார். சரிதானா? சீனிக்கு ஒரு சமையல், கொதிப்புக்கு ஒரு சமையல், பிள்ளைக்கு ஒரு சமையல் என்று வேலைக்கும் போய்க்கொண்டு என்னால் முடியவில்லை.
- மருமகள், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, சமையலைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் புது உப்புப் பொட்டலத்தை மூடி வையுங்கள். இளநீரையும் நிறுத்தி வையுங்கள். மருந்தகத்துக்குப் போன் செய்து கேட்ட பிறகு மற்றது.

சோடியம் குறைந்த உப்பில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது நல்ல மாற்றுதான். சுகாதார மேம்பாட்டு வாரியமே அதை ஊக்குவிக்கிறது. ஆனால் உங்கள் மாமாவுக்குச் சிறுநீரில் புரதம் இறங்குகிறது. அதாவது சிறுநீரகம் லேசாக அடிபட ஆரம்பித்திருக்கிறது. லோசார்ட்டான் கொதிப்பைக் குறைத்து அந்தச் சிறுநீரகத்தையும் காப்பாற்றத்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதே மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கியும் வைக்கும். அதற்கு மேல் பொட்டாசிய உப்பு, அதற்கும் மேல் தினம் ஓர் இளநீர். ரத்தத்தில் பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும், முன்கூட்டி வலியோ வேறு அறிகுறியோ காட்டாமலே வரலாம். லோசார்ட்டான் தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த உப்பையும் இளநீரையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு வாழைப்பழம், கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். அது பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டர் சொல்ல வேண்டியது.

மாமாவுக்கு முழங்கால் வலியும் இருந்தால் (பஸ் ஓட்டியவர்களுக்கு இல்லாமலா இருக்கும்?) இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை அவராகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். கொதிப்பையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இப்போது சாப்பாடு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "சீனி விஷயத்தில் ரொம்பக் கட்டுப்பாடு" என்பதுதான். உண்மையிலேயே கட்டுப்பாடானவர்தான். ஆனால் இனிப்பை விட்ட நாக்கு சும்மா இருக்காது, ருசிக்கு வேறு ஏதாவது தேடும். 12 வருடமாக அது உப்பைத் தேடியிருக்கிறது. முறுக்கு, மிக்சர், மோர் மிளகாய், கிரீம் கிராக்கர், ஊறுகாய். "இதில் இனிப்பு இல்லையே" என்று எல்லாவற்றுக்கும் அனுமதி. இனிப்பு நீர் உள்ள நம்மவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சீனிக்குப் பயந்து உப்பில் போய் விழுகிறார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்த இரவுச் சாப்பாட்டில் சீனியும் குறையவில்லை. கிரீம் கிராக்கர் இனிக்காது, ஆனால் அது மைதா மாவு. வயிற்றுக்குள் போனால் சீனிதான். கஞ்சி இன்னும் மோசம். குழைய வெந்த அரிசி, மெல்லவே வேண்டாம், விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்றால் கொதிப்புக்கும் தீனி போட்டாயிற்று. கேழ்வரகுக் கூழ் என்றால் பரவாயில்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். நைஸாக அரைத்துக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் ஏறத்தான் செய்யும்.

அதனால் மூன்று சமையல் வேண்டாம். சீனிக்கும் கொதிப்புக்கும் ஒரே தட்டு போதும், பிள்ளைக்கும் அதே தட்டு நல்லது. இங்கே பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக் கொடுக்கிறார்களே, தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு தீட்டாத தானியம், கால் பங்கு மீன், பருப்பு, முட்டை, கோழி, தவ்ஹு (சோயாக் கட்டி) என்று. நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருக்கும். சோறு மலை, அதைச் சுற்றிக் குழம்புக் குளம், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். சோறு மலையானால் சீனி ஏறும், குழம்பு குளமானால் உப்பு ஏறும். நம் சமையலில் உப்பு குடியிருப்பது காயில் இல்லை, குழம்பிலும் ரசத்திலும்தான். சோற்றைக் குறைத்தால் அதை நனைக்கக் குழம்பும் குறைவாகவே போதும். ஒரே கையால் இரண்டும் குறைகிறது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

இரவுக்கு இரண்டு சின்ன சப்பாத்தி (மாவில் உப்பு வேண்டாம்), கெட்டியான பருப்பு, ஒரு முழு கிண்ணம் கங்கோங் கீரை அல்லது பீன்ஸ் பொரியல், ஒரு முட்டை. அல்லது இரண்டு இட்லி, சாம்பாரில் தண்ணீரைவிடக் காய் அதிகம். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகச் சொல்லுங்கள், சீனி மெதுவாக ஏறும். வெள்ளை அரிசியோடு பழுப்பரிசியைக் கால் பங்கு கலந்து ஆரம்பியுங்கள்; முழுக்க மாற்றினால் மாமா அன்றைக்கே கோப்பிக் கடைக்குப் போய்விடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கிளிக்லசைடு சாப்பிடுகிறவர் இரவுச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தாலோ, விரதம் என்று தவிர்த்தாலோ சீனி தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அப்படி ஆனால் கட்டுப்பாடெல்லாம் பார்க்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். சாப்பாட்டை மாற்றப்போகிறோம் என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

உப்புக்கு வருகிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, அதில் 2,000 மில்லிகிராம் சோடியம். இதுதான் எல்லை. 2022 கணக்கெடுப்பில் சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "நான் அவ்வளவு போடுவதில்லையே" என்று எல்லாரும் சொல்வார்கள். அதனால் நான் கரண்டியை நம்புவதில்லை, பொட்டலத்தை நம்புகிறேன். அடுத்த முறை சாதாரண உப்பு ஒரு கிலோ பிரிக்கும்போது மேலே பேனாவால் தேதி எழுதுங்கள். உங்கள் வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல். அதுவும் ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், வெளிச் சாப்பாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பிள்ளைக்கு 5 கிராமும் தேவையில்லை. ஆகவே 50 நாளைத் தாண்டி எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

ஆனால் ஒரே நாளில் குறைத்தீர்களே, அங்கேதான் தட்டு தள்ளப்பட்டது. வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்; அதற்குப் பிறகு பழைய உப்பு கரிக்கும். பொரியலுக்கு வேகும்போது போடாமல் இறக்கும்போது மேலாகத் தூவுங்கள், குறைவாகப் போட்டாலும் நாக்கில் முதலில் படும். புளிப்பு இருந்தால் உப்பு குறைந்தது தெரியாது. எலுமிச்சை பிழியுங்கள், புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள், மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போடுங்கள். கடையில் வாங்கும் மசாலாப் பொட்டலங்களிலும் சூப் கட்டிகளிலும் ஏற்கெனவே உப்பு இருக்கும், பின்பக்கம் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம். அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டால் எண்ணெய்தான் குறையும், உப்பு அப்படியேதான் இருக்கும்.

ஊறுகாயை மட்டும் பிடுங்கி வீசிவிடாதீர்கள். என் அம்மாவுக்குக் கொதிப்பு வந்தபோது நான் அப்படித்தான் செய்தேன். தோ பாயோ வீட்டில் ஒரு பாட்டில் விடாமல் குப்பைக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்தும் அளவு இறங்கவில்லை. ஒருநாள் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்க மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றி எலுமிச்சை ஊறுகாய். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரைத் தேக்கரண்டி என்று பேசி முடித்தோம். மற்ற நாளில் எலுமிச்சையைத் துண்டு போட்டு, வெறும் மிளகாய்த்தூளும் வறுத்த வெந்தயப் பொடியும் பிசறி வைத்தேன். முதல் வாரம் முகம் சுளித்தார். பிறகு அதையே கேட்டு வாங்கினார்.

கோப்பிக் கடைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். ஓய்வு பெற்றவருக்கு அது நண்பர்களைப் பார்க்கும் இடம். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றலாம். பானத்துக்கு "தே சி கொசோங்", அதாவது இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பால் விட்டு, சீனி போடாத தேநீர். அந்த "சி"யை விடாமல் சொல்ல வேண்டும். கண்டென்ஸ்ட் பால் போட்டால் சீனி போடாவிட்டாலும் இனிப்புதான். சாதக் கடையில் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் கேட்கட்டும், இரண்டு காய் வாங்கட்டும். மீன் சூப் பீ ஹூன் (அரிசிச் சேமியா), யோங் தவ் ஃபூ (தவ்ஹு, காய், மீன் உருண்டை போட்ட சூப்) நல்ல தேர்வு, ஆனால் மீன் உருண்டையைவிட மீன் துண்டு, சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டாம். உப்பு முழுக்க அதில்தான். பிராட்டாவும் (பரோட்டா) மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) எப்போதாவது. பானங்களில் ஒட்டியிருக்கும் நியூட்ரி-கிரேட் என்ற தர எழுத்து (A முதல் D வரை) சீனியையும் கெட்ட கொழுப்பையும்தான் பார்க்கிறது, உப்பை இல்லை. சாஸ், உடனடி மீ போன்றவற்றுக்கு உப்பையும் பார்த்து எழுத்து போடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், 2027இல் வரும். அதுவரை "சோடியம்" என்ற வரியை நாம்தான் தேட வேண்டும். ஒரு பொட்டலம் உடனடி மீயில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருந்தால் பொட்டலத்தில் எத்தனை பரிமாறல் என்றும் பாருங்கள்.

வீட்டில் மேல்கையில் கட்டும் கொதிப்பு மானி ஒன்று இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் முன்னால், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. எண்ணை மாமாவே எழுதட்டும். பஸ் ஓட்டியவர், நேரமும் எண்ணும் குறித்து வைப்பது அவருக்குப் புதிதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பொதுவாக 130/80க்குக் கீழே பார்ப்பார்கள். மாமாவுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு அந்தத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் குறிக்கச் சொல்லுங்கள். அளவு இறங்குகிறதே என்று மாத்திரையை அவராக விட்டுவிடக் கூடாது.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்தத் தாளையும், மூடி வைத்த சோடியம் குறைந்த உப்புப் பொட்டலத்தையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டாம், அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.