குதிரையோடு காட்டில் ராத்தங்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் மாதம் தோழிகளோடு குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வடக்குப் பக்கக் காட்டுக்குப் போய், கூடாரம் போட்டு மூன்று ராத்திரி தங்கப் போகிறாளாம். கரடி இருக்கிற காடு என்று வேறு சொல்கிறாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். நான் என்னென்ன விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்?
- ஒரு தகப்பனார், பாலக்கோடு

பதில்: அய்யா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மகள் போவது ஆள் அரவமே இல்லாத இடம் கிடையாது. மிச்சிகன் ஏரிக்கரை எம்பயரிலிருந்து ஹூரான் ஏரிக்கரை ஆஸ்கோடா வரைக்கும், மாநிலத்தின் குறுக்கே குதிரைக்காரர்களுக்கென்றே 1960களில் போட்ட சுமார் 350 கிலோமீட்டர் காட்டுத்தடம் அங்கே இருக்கிறது. வழியில் குதிரையோடு தங்குவதற்கென்றே முகாம்களும் உண்டு. கரடியும் கறுப்புக் கரடிதான், பெரும்பாலும் சாப்பாட்டு வாசனை பிடித்துத்தான் கிட்டே வரும். சமையல் சாமானை மட்டுமில்லாமல் குதிரைத் தீவனத்தையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், அது போதும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "ராத்திரி குதிரையை எப்படிக் கட்டப் போறீங்க?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஆபத்து வருவதே பெரும்பாலும் மிரண்ட குதிரையால்தான், குதிரை மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடுவது நேரங்கெட்ட நேரத்தில், தெரியாத இடத்தில். மரத்தடியில் நேராகக் கட்டிவிட்டால் அது ராத்திரி முழுக்க முன்னங்காலால் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும், கயிறு உரசிப் பட்டை கழன்று மரமும் பட்டுப்போகும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மரத்துக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, தொய்வில்லாமல் ஒரு கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள். மரத்தைச் சுற்றி வருகிற இடத்தில் கயிறு கிடையாது, பட்டையை அறுக்காத அகலமான நாடா. அந்த மேல்கயிற்றிலிருந்து தலைக்கயிறு தொங்கும். அதன் நீளத்தில்தான் எல்லாமே இருக்கிறது. குதிரை தலையைத் தாழ்த்தினால் வாய் தரையில் கிடக்கிற புல்லைத் தொட வேண்டும், அதற்கு மேல் ஒரு சாண்கூட வேண்டாம். நீளமாக விட்டால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும், பயத்தில் இழுத்து இழுத்து எலும்பையே முறித்துக்கொள்ளும். முடிச்சு ஒரு நுனியை இழுத்தால் சட்டென்று அவிழ்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்துக் குதிரையின் உதை எட்டாத தூரம் வேண்டும். ஓடை, ஏரிக்கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் லத்தியும் மூத்திரமும் தண்ணீரில் போய்ச் சேரும். இதையெல்லாம் வீட்டுக் கொட்டிலிலேயே ஒரு ராத்திரி கட்டிப் பழக்கிவிட்டுத்தான் காட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், இதில் மட்டும் மகளிடம் கறாராகவே இருங்கள்.

அப்புறம் வயிறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியாக மாறி ஒரே நாளில் உயிரை வாங்கிவிடும். புது இடத்துப் புல்லைத் திடீரென்று போடாமல், எடுத்துப்போகிற தீவனத்தையே பல நாள் முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கட்டும். ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கிற பிராணி அது, ஆனால் வாசனை மாறினால் தாகத்தோடு நின்றாலும் நிற்குமே தவிர வாய் வைக்காது, வீட்டுத் தண்ணீரே ஒரு டிரம் கூடப் போவது நல்லது. அடிக்கடி விலாவைத் திரும்பிப் பார்ப்பது, தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் மருத்துவருக்குப் போன் போக வேண்டும்.

அக்டோபர் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். அந்தக் காட்டில் சிவப்பு மேப்பிள் மரம் நிறைய. பச்சை இலையைவிட உதிர்ந்து வாடின இலைதான் கெடுதல், ஒன்றிரண்டு கிலோ உள்ளே போனாலே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் குதிரையைச் சாய்த்துவிடும். கட்டுகிற இடத்தில் என்ன இலை கிடக்கிறது என்று பார்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, அங்கே நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியோடு மான் வேட்டைக்கு அனுமதி, வில் அம்பு வேட்டை அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். பெண்ணும் குதிரையும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் போட்டிருக்கட்டும். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம், வியர்வை காய நடத்திவிட்டுக் கட்டினால், வயிறு நிறைய உலர்புல் இருந்தால் குதிரை அந்தக் குளிரைத் தாங்கும்.

கேள்வி: மட்டக்குதிரை ஒன்று வளர்க்கிறேன். இந்த மாதிரி நம்ம அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டிலும் ஒரு ராத்திரி தங்கலாமா?
- கல்லூரி மாணவர், அஞ்செட்டி

பதில்: வேண்டாம் தம்பி. உங்களைச் சுற்றியிருக்கிற காட்டில் பெரும்பகுதி 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தக் குதிரையை நினைத்துப் பாருங்கள். ராகி அறுப்பு நேரத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி வருவது உங்களுக்கே தெரியும். சிறுத்தையும் இருக்கிறது. கட்டிப்போட்ட குதிரைக்கு ஓடிப் பிழைப்பதுதான் ஒரே வழி, அந்தக் கயிற்றைக் கட்டினதே நீங்கள்தான் என்று ஆகிவிடக் கூடாது.

ஆசை இருந்தால் கிருஷ்ணகிரி பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பில் தங்குங்கள், மருந்து அடித்த தோப்பா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். போகிற வழியில் நெடுஞ்சாலை நடுவே பூத்து நிற்கிற அரளியை வாயில் வைக்க விடாதீர்கள், கொஞ்சம் இலை போதும், இதயம் நின்றுவிடும். வேலியோரத்து உண்ணிச்செடியும் ஆகாது.

கேள்வி: நம்ம மண்ணுக்குக் குதிரை ஒத்துவராது என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் ஊர் மத்திகிரி கால்நடைப் பண்ணையைக் கேளுங்கள். 1824இல் வெள்ளைக்காரர்கள் அதை ஆரம்பித்ததே பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத்தான்.

கேள்வி: குதிரைக்குக் கொள்ளு மட்டும் போட்டால் போதுமா? வெளியூர் போகும்போது தூக்க சுலபமாக இருக்கிறது.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: போதாதும்மா. 300 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்கு நாளைக்கு ஆறு கிலோ அளவுக்காவது உலர்ந்த புல் வேண்டும், கொள்ளு அதற்கு மேலே கொஞ்சம்தான். அதையும் ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். நாள் முழுக்க நடந்த குதிரைக்கு உடனே கொள்ளை வைக்காமல், முதலில் தண்ணீர், பிறகு புல், மூச்சும் உடம்பும் ஆறின பிறகு கொள்ளு என்று போங்கள். வெறும் ராகித்தாளை மட்டும் நம்ப வேண்டாம், முரட்டுத் தாள் குடலில் அடைத்துக்கொள்ளும். தூக்க முடிகிற அளவு அருகம்புல்லைக் காயவைத்துக் கட்டாகக் கட்டி எடுத்துப் போங்கள்.