தண்ணீர் வரும் நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் அம்மாபேட்டைப் பகுதியைச் சேர்ந்தவள். வயது 34. அடுத்து வரும் மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்க எண்ணியிருக்கிறேன். ராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்த ஊர் இது, நல்லவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று என் கணவர் சொல்கிறார். துண்டறிக்கைக்காக எட்டு வாக்குறுதிகளை எழுதி வைத்திருக்கிறேன். தெருமுனைதோறும் கண்காணிப்பு கேமரா, எல்.இ.டி. விளக்குகள், பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள், போட்டித் தேர்வு எழுதுவோருக்குப் படிப்பகம், தெருநாய்க் கட்டுப்பாடு, மழைநீர் வடிகால், தடையற்ற குடிநீர், குறைகளைத் தெரிவிக்க ஒரு கைபேசிச் செயலி. இவற்றில் எந்த மூன்றை முன்னால் வைப்பது? கட்சி இல்லாமல் நிற்பது வீண் வேலையா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் அம்மாவின் கூலி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டியின் அடியில் கிடைத்தது. அதனால்தான் காத்திருக்கும் மற்றக் கடிதங்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். சுயேச்சையாக நிற்பது வீண் அல்ல. ஒரு வார்டு என்பது ஒரே நாளில் நடந்து சுற்றிவரக்கூடிய இடம். முகம் பார்த்து வாக்களிக்கிற தேர்தல் இது ஒன்றுதான். நில்லுங்கள். ராஜாஜி 1917இல் தலைவரானதைத் துண்டறிக்கையில் எழுதாதீர்கள், அந்தப் பெருமையில் உங்கள் உழைப்பு எதுவும் இல்லை. கேமரா காவல்துறையின் காரியம். பூங்காக் கருவிகளைப் பிறகு பார்க்கலாம். நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆண்டு முழுவதும் விடாமல் நடந்தால்தான் பயன், ஒரு வரியில் வாக்குறுதி தருகிற காரியம் அல்ல. செயலி வேண்டாம், உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைத்தால் எடுங்கள். படிப்பகம் அருமையான எண்ணம், அதைக் கைவிடாதீர்கள். வடிகால் கட்டுவதற்கு முன் அது எங்கே போய் விழுகிறது என்று அதன் ஓரமாகவே நடந்து பாருங்கள். திருமணிமுத்தாற்றில் விழுமென்றால், அந்த ஆற்றுக்கு நாம் இதுவரை செய்ததே போதும், இன்னொரு வாய்க்கால் கழிவு வேண்டாம்.

இனி ஏழாவது வாக்குறுதி. 'தடையற்ற குடிநீர்'. இரண்டே சொற்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று பன்னிரண்டாம் அட்டவணை 18 பணிகளைச் சொல்கிறது. தண்ணீர் வழங்கல் ஐந்தாவது. தெருவிளக்கு பதினேழாவது. கேமரா அதில் கிடையாது. அட்டவணையின் வரிசை முக்கியத்துவத்தின் வரிசை அல்ல என்பது எனக்குத் தெரியும். உங்கள் வரிசை அப்படித்தானே? கேமரா முதலில், விளக்கு இரண்டாவது, தண்ணீர் ஏழாவது. ஒரு பெண் எழுதிய பட்டியல் இது என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. தெருவில் நடந்து பார்த்து எழுதினீர்களா, வேறு யாருடைய துண்டறிக்கையையாவது பார்த்து எழுதினீர்களா?

நான் பிறந்தது சேலத்தை ஒட்டிய ஒரு நெசவாளர் ஊர். அம்மா குழித்தறியில் பட்டு வேட்டி நெய்தாள். சேலத்து வெண்பட்டு. பள்ளி விட்டு வந்ததும் நானும் தம்பியும் தார், அதாவது ஊடைநூல் கண்டு, சுற்றுவோம். தறிக்காரிக்கு மாதச் சம்பளம் கிடையாது, நெய்து இறக்கினால்தான் கூலி. தறியை விட்டு எழுந்த நேரமெல்லாம் கூலியில் குறையும்.

தெருவுக்கு ஒரே குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டது என்று ஒரு குரல் கேட்டால் அம்மா ஊடைநூலை ஓட்டும் நாடாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவாள். திரும்பி வந்து உடனே தறியில் உட்கார முடியாது. ஈரக் கை பட்டால் வெண்பட்டில் கறை விழும். கறை விழுந்த வேட்டிக்குக் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். முந்தானையில் துடைத்து, அடுப்பருகே கையைக் காய்ச்சி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தொடுவாள். இன்று நினைத்தாலும் அந்தக் கையும் கன்னமும்தான் முதலில் கண்முன் வருகின்றன.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கோடையில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. இரவு வரலாம் என்று பேச்சு. மறுநாள் மாலைக்குள் வேட்டியை இறக்கியாக வேண்டும் என்பதால் அம்மா விளக்கேற்றி நெய்துகொண்டிருந்தாள். என்னை ஆறு குடங்களோடு குழாயடியில் உட்காரவைத்தாள். நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது குழாயடிக் கல் நனைந்திருந்தது, எங்கள் குடங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. யாரும் என்னை எழுப்பவில்லை. அவர்கள் வீடுகளிலும் தறி இருந்தது, அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அம்மா ஒரு சொல் திட்டவில்லை. விடிவதற்குள் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றுக்கு நான்கு நடை நடந்தாள். அன்று வேட்டி இறங்கவில்லை.

அந்த வாரத்துப் பக்கத்தில், குறைந்த கூலித் தொகைக்கு அருகே, பென்சிலால் 'தண்ணீர்' என்று எழுதியிருக்கிறாள். அந்த ஓராண்டு நோட்டில் அதே சொல் முப்பத்தோர் இடங்களில் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்தபோது செய்துகொண்டிருந்த வேலை அதுதான்.

தண்ணீர் குறைவாக வந்ததை அம்மா தாங்கிக்கொண்டாள், இரண்டு குடத்தில் வீட்டை நடத்தத் தெரிந்தவள். எப்போது வரும் என்று தெரியாமல் கிடந்ததுதான் அவள் கூலியைத் தின்றது. இப்போது வீட்டுக்கு வீடு இணைப்பு இருக்கிறதே என்பீர்கள். நாள்தோறும் வராத தெருவில் யாரோ ஒருத்தி வேலைக்குப் போகாமல் வீட்டில் காத்திருக்கத்தான் வேண்டும். கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவளுக்கும் விசைத்தறிக்குப் போகிறவளுக்கும் அது ஒரு நாள் கூலி. அவள் உங்கள் வாக்காளர்.

சேலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் 'தடையற்ற' என்று எழுதினீர்களா? 1911இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. இன்று மேட்டூரை அடுத்த தொட்டில்பட்டியில் காவிரியிலிருந்து இறைத்துக் குழாய் வழியே கொண்டுவருகிறார்கள். அங்கே மின்சாரம் நின்றாலும், வழியில் குழாய் உடைந்தாலும், அம்மாபேட்டையில் குடம் காயும். 60 வார்டுகளில் ஒன்றின் உறுப்பினரால் இதை மாற்ற முடியாது. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

நேரம் உங்கள் கைக்கு எட்டும். எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பது அந்த வேலையைச் செய்கிற மனிதருக்குத் தெரியும். அவரைத் தேடிப் போய், மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிழமை, மணி, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு தெருச் சுவரிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்வேன் என்று சொல்லுங்கள். வராதென்றால் முந்தின மாலையே தெருவுக்குத் தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டங்கள், கூடின. அந்தச் சபையில் சொன்ன நேரத்தையும் வந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதற்குக் கோடிகள் தேவையில்லை. சுவரும் சுண்ணாம்பும் விடாமல் எழுதுகிற ஓர் ஆளும் போதும். அந்த ஆள் நீங்களாக இருந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் அதைச் செய்யலாம். இன்றே தொடங்கலாம்.

பிறகு, தண்ணீர் வரும் நேரத்தில் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் போய் நில்லுங்கள். அங்கே குழாய் நூலாக ஒழுகும், அல்லது காற்று மட்டும் வரும். காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். வழியிலுள்ள வீடுகளில் குழாயில் நேரடியாக மின்மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். தேர்தலில் நிற்கிற யாரும் இதைப் பேசுவதில்லை, மோட்டார் வைத்திருப்பவருக்கும் வாக்கு இருக்கிறதே. உங்களுக்கு உண்மையிலேயே கடினமான வாக்குறுதி ஒன்று வேண்டுமென்றால் இது இருக்கிறது. அவர்களில் உங்கள் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். சித்தப்பா வீட்டு மோட்டாரைக் கழற்றச் சொல்ல உங்களால் முடியுமா? முடியாதென்றால் அந்தக் கடைசி வீட்டுக்காரியிடம் வாக்குக் கேட்கப் போகாதீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். உங்களைப் பற்றி நல்ல எண்ணம் இல்லாவிட்டால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எந்த மூன்று என்று கேட்டிருந்தீர்கள். மற்ற இரண்டையும் உங்கள் தெருப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். உங்கள் தெருவில் கடைசியாகத் தண்ணீர் வந்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு? உங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறதா?

அன்புடன்,
அக்கா